சிக் கடெட் எல்டி-40: முதல் பால்சா விமானம் கட்டுவோருக்கு ஏற்ற கிட்

கடந்த நவம்பரில் தொடங்கி மார்ச் இறுதி வரை, அமெரிக்காவின் ஒஹாயோவில் குளிர் கடுமையாக இருந்த மாதங்களில், வீட்டின் அடித்தள அறையில் ஒரு பழைய கதவுப் பலகையை மேசையாக்கி பால்சா என்ற மிக இலேசான மரத்தில், ரேடியோவால் இயக்கும் என் முதல் மாதிரி விமானத்தைக் கட்டி முடித்தேன். அயோவா மாநிலத்தின் மான்டசூமா என்ற சிற்றூரைத் தலைமையிடமாகக் கொண்டு, பால்சா கிட்களால் (நாமே ஒட்டிக் கட்டும் பாகத் தொகுப்புகளால்) பெயர் பெற்ற சிக் நிறுவனத்தின் கடெட் எல்டி-40 தான் அந்த விமானம். அதைக் கட்டிய அனுபவத்தையும் பறக்கவிட்ட அனுபவத்தையும் சேர்த்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கிட் வாங்க நினைக்கிறவரின் கண் முதலில் ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் போன்ற போர்விமான மாதிரிகள் மீதுதான் விழும்; எனக்கும் அப்படித்தான் விழுந்தது. ஆனால் குறுகிய, தாழ்வான இறக்கையோடு தன் அளவுக்கு மீறிய எடையையும் சுமக்கும் அத்தகைய மாதிரி, வேகம் சற்றுக் குறைந்தாலே ஒரு பக்க இறக்கை நுனி தொய்ந்து சட்டென்று கவிழ்ந்துவிடும். அந்த நொடியில் என்ன செய்வதென்று புதியவரின் விரல்களுக்குத் தெரிந்திருக்காது. எல்டி-40-இன் இறக்கை உடலின் மேல் அமர்ந்திருக்கிறது. நடுவிலிருந்து இரு பக்கமும் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், விமானம் ஒருபுறம் சரிந்தாலும் நிமிர்ந்துகொள்ளவே முயலும். இறக்கையின் நீளம் 70 அங்குலம், பரப்பு 900 சதுர அங்குலம். கட்டி முடித்தபோது என்னுடையது 6 பவுண்ட் இருந்தது. ஒரு சதுர அடி இறக்கைக்கு ஏறத்தாழ 15 அவுன்ஸ் சுமை என்று கணக்கு வருகிறது. இதே எஞ்சின் அளவுள்ள போர்விமான மாதிரிகளில் இச்சுமை 20 அவுன்ஸைத் தாண்டிவிடும். கிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அட்டைப்பெட்டியின் படத்தைக் காட்டிலும் இந்த ஒரு கணக்கைப் பார்ப்பதே மேல்.

இதே குடும்பத்தில் மூத்ததான கடெட் சீனியர் இதைவிடப் பெரியது, இன்னும் நிதானமானது. ஆயினும் அதன் மூல வடிவமைப்பில் எய்லரான்கள் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசைந்து விமானத்தைச் சரிக்கும் பலகைகள்) கிடையாது. வாலில் செங்குத்தாக நிற்கும் ரட்டர் பலகையைக் கொண்டே திருப்ப வேண்டும். தொடக்கத்திலிருந்தே எய்லரானில் பழக வேண்டும் என்று விரும்பியதால் எல்டி-40-ஐ எடுத்துக்கொண்டேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அதற்கு முந்தைய கோடை முழுவதும் ஒரு ஃபோம் விமானத்தில்தான் பறக்கப் பழகினேன். பல மாத உழைப்பை முதல் நாளே தரையில் மோதவிடக்கூடாது என்று எண்ணுகிறவர்கள் அனைவருக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

பெட்டியில் லேசரில் வெட்டிய பால்சாப் பாகங்களும், மெல்லிய ஒட்டுப்பலகைப் பாகங்களும், முழு அளவு வரைபடமும், படங்களோடு கூடிய கையேடும் இருக்கின்றன. ரேடியோ, எய்லரான் போன்ற பலகைகளை அசைக்கும் சர்வோக்கள், மோட்டார் அல்லது எஞ்சின், பசை, மேலே போர்த்தும் ஃபிலிம் ஆகியவற்றைத் தனியே வாங்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கிட்டின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான் என்பதை முன்கூட்டியே மனத்தில் கொள்வது நல்லது. பால்சாவைக் கையில் எடுக்கும்போது ஏற்படும் வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வரும் இந்த மரம், நம் ஊர் இலவ மரம் அடங்கிய அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. விரல் நகம் பட்டாலே பள்ளம் விழும், ஆனால் நார் ஓடும் திசையில் வளைத்துப் பார்த்தால் அதன் எடைக்கு நம்ப முடியாத உறுதியைக் காட்டும். ஒரே பெட்டிக்குள்ளும் குச்சிக்குக் குச்சி எடையும் விறைப்பும் வேறுபடும் என்பதால், இறக்கைக்கான குச்சிகளை ஒவ்வொன்றாக மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி, நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டு, ஒரே அளவு வளைபவற்றை இணை சேர்த்து, இடது வலது இறக்கைகளுக்குச் சமமாகப் பிரித்துக்கொண்டேன்.

உடல் பகுதியைக் கட்டுவது எளிது. ஒட்டுப்பலகைப் பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கொளுவிக்கொள்வதால், பசை இல்லாமலே முழு உடலையும் நிறுத்தி, மூலைமட்டம் வைத்துப் பார்த்துத் திருத்திய பிறகு ஒட்டலாம். முதன்முறை கட்டுகிறவருக்கு இந்த வடிவமைப்பு செய்யும் உதவி மிகப் பெரியது.

இறக்கையில்தான் உண்மையான வேலை இருக்கிறது. வரைபடத்தைப் பலகையில் விரித்து, அதன் மேல் மெழுகுத்தாளைப் பரப்பி, கீழ் ஸ்பாரை (இறக்கையின் நீளவாட்டில் ஓடும் தாங்கு குச்சியை) குண்டூசிகளால் இறுக்கி, அதன் மேல் விலாக்களை (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகளை) வரிசையாக நிறுத்தி, மேல் ஸ்பாரை வைத்து ஒட்ட வேண்டும். குண்டூசி இறங்குவதற்காகக் கதவுப் பலகையின் மேல் ஒரு மென்மையான கூரை அட்டையைப் போட்டிருந்தேன். அடித்தள அறையின் ஈரத்தில் அந்த அட்டை ஒரு மூலையில் உப்பியதைக் கவனிக்கவில்லை. வலது இறக்கையை எடுத்துச் சமதளத்தில் வைத்தபோது, நுனியின் பின்விளிம்பு மூன்று மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு ஸ்பார்களுக்கும் நடுவே, நார் செங்குத்தாக நிற்கும்படி ஒட்டப்படும் மெல்லிய பால்சாத் துண்டுகள்தான் இறக்கையை ஒரு பெட்டி போல விறைக்கச் செய்கின்றன. அவற்றை ஒட்டியபின் முறுக்கு அப்படியே பூட்டிக்கொள்ளும். நல்லவேளையாக அவற்றை நான் அதுவரை ஒட்டியிருக்கவில்லை. அட்டையை மாற்றி, எடை வைத்து நேராக்கி, அதன் பிறகே ஒட்டினேன். இக்கிட்டைக் கட்டுகிறவர் வேறு எதில் அவசரப்பட்டாலும், அந்தத் துண்டுகளை ஒட்டுவதற்கு முன் இறக்கையைப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்காமல் இருக்கவே கூடாது. முறுக்கிய இறக்கை, ரேடியோவில் எவ்வளவு திருத்தினாலும் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும்.

ஃபெவிக்விக் வகைப் பசையைப் பொருத்தம் நெருக்கமாக உள்ள இணைப்புகளில் மட்டும் பயன்படுத்தினேன்; மற்றவற்றுக்கு மஞ்சள் மரப்பசை, மோட்டாரைத் தாங்கும் முன்பலகைக்கும் இறக்கையின் நடு இணைப்புக்கும் முப்பது நிமிடத்தில் இறுகும் எபாக்சி பசை. அந்த வேகமான பசையின் ஆவி கண்ணை எரிக்கும் என்பதால் சாளரத்தைத் திறந்து வைப்பது கட்டாயம். ஃபிலிமை இஸ்திரியால் ஒட்டும் முன்பு, உப்புத்தாளை ஒரு நீண்ட நேரான கட்டையில் ஒட்டித் தேய்த்தால்தான் விலாக்களின் மேல் மேடு பள்ளம் தெரியாது.

இந்த வடிவமைப்பு மெத்தனாலில் ஓடும் 40 முதல் 46 அளவு (0.40 முதல் 0.46 கன அங்குலம்) எஞ்சின்களை மனத்தில் வைத்து உருவானது. எண்ணெய் வழியும் புகையை விரும்பாமல் நான் அதற்கு இணையான மின்மோட்டாரையும் நான்கு செல் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியையும் பொருத்தினேன். மோட்டாரை முன்பலகையிலிருந்து தள்ளி நிறுத்தச் சிறு பெட்டி ஒன்றை நாமே செய்ய வேண்டும். பேட்டரியை மாற்ற ஒவ்வொரு முறையும் இறக்கையைக் கழற்றாமலிருக்க, மூக்கின் மேற்பகுதியில் காந்தத்தால் மூடும் ஒரு கதவையும் வெட்டிக்கொண்டேன். உடலைக் கட்டும்போதே இதைத் திட்டமிட வேண்டும். ஃபிலிம் போர்த்திய பிறகு யோசித்தால் சிரமம். இறக்கையின் இரு பாதிகளையும் ஒட்டிய பிறகு அது ஏறத்தாழ 1.78 மீட்டர் நீளமுள்ள ஒரே துண்டு என்பதால், காருக்குள் கிடத்த முடியுமா என்று வாங்கும் முன்பே அளந்து பார்த்துவிடுங்கள்.

அமெரிக்காவில் 250 கிராமுக்கு மேற்பட்ட எந்த மாதிரி விமானத்தையும் பறக்கவிட மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தில் பதிவு செய்து, அந்த எண்ணை வெளிப்புறத்தில் எழுதியிருக்க வேண்டும். அதோடு எழுத வேண்டிய இணையவழிப் பாதுகாப்புத் தேர்வு இலவசமானது, எளிதானது. ஏப்ரலில் முதல் பறப்புக்கு முன், எங்கள் கழகத்தின் பயிற்றுநர் ஒருவர் ரேடியோவின் கட்டுப்பாட்டுக் குச்சியை வலப்புறம் தள்ளச் சொல்லிவிட்டு எய்லரான்களைப் பார்த்தார். வலது எய்லரான் மேலே எழுவதற்குப் பதிலாகக் கீழே இறங்கியது. ரேடியோவில் திசையை மாற்றியதோடு அது தீர்ந்தது. அவர் பாராதிருந்தால் விமானம் அன்றே மண்ணாகியிருக்கும். புல்தரையில் சிறிது தூரமே ஓடி, பாதி விசையிலேயே எழுந்து, சமநிலைக்கு வந்ததும் கையை எடுத்தால் தானாகவே நேராகப் பறந்தது. இறங்கும்போது விசையைக் குறைத்த பிறகும் வெகுதூரம் மிதந்துகொண்டே வந்தது. காற்று பலமாக வீசும் நாள்களில் மட்டும் இந்த இலேசான பெரிய இறக்கை அலைக்கழிகிறது; அந்த நாள்களில் நான் எடுத்துச் செல்வதில்லை.

ஐந்தாவது நாள் மூக்குச் சக்கரத்தில் வேகமாக இறக்கிவிட்டதால், அதைத் தாங்கிய பலகை பிளந்தது. கட்டத் தொடங்கும் முன் எல்லாப் பாகங்களின் உருவத்தையும் தாளில் கோடிட்டு வைத்திருந்தேன். லேசர் வெட்டிய பலகைகளின் மிச்சச் சட்டங்களையும் எறியவில்லை. அன்றிரவே அந்த மிச்சத்தில் புதிய துண்டை அறுத்து எபாக்சியில் ஒட்டினேன். அடுத்த சனிக்கிழமை விமானம் மீண்டும் பறந்தது.