வெட்டுவதா, விழுங்குவதா, வாயை அடக்குவதா? குரல்வளைக் கிரனுலோமாவுக்கு உள்ள வழிகள்

மூக்கு வழியாக விட்ட மெல்லிய கமராக் குழாய் தொண்டைக்குள் இறங்கியதும் டொக்டர் திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார். வெள்ளை நாடா மாதிரி இரண்டு குரல் நாண்கள். அவற்றின் பின்கோடியில், இடப்பக்கம், குன்றிமணி அளவில் சிவந்த ஒரு சதை. "கிரனுலோமா" என்றார்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழும் வரலாறும் படிப்பிக்கிறவன். நாலு மாதமாகத் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. செருமிச் செருமி வகுப்பு நடத்தினேன். எச்சில் விழுங்கினால் காதுக்குள் குத்தும். குரல் அவ்வளவாகக் கெடவில்லை, அதனால்தான் இவ்வளவு நாள் கவனிக்காமல் விட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதே மூன்று யோசனை கிடைத்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர், "கட்டின்னா வெட்டி எறிஞ்சிரணும் சேர்" என்றார். கூட வந்த தம்பி, "கேஸ்ட்ரைட்டிஸ் குளிசையிலேயே போயிரும்" என்றான். வீட்டில் மனைவி, "ஒரு மாசம் வாயைத் திறக்காம இருங்க" என்றாள். மூன்றுமே முழுப் பிழையில்லை. ஆனால் யாருக்கு எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். குரல் நாணின் முன்பகுதி மெத்தென்ற தசை. பின்பகுதி அரிட்டினொய்ட் என்னும் குருத்தெலும்பின் முனை. அந்த முனைமேல் இருப்பது மிக மெல்லிய தோல், அடியில் மெத்தையே கிடையாது. நாம் செருமும்போதும், இருமும்போதும், அடித்தொண்டையில் அதட்டும்போதும் இரண்டு பக்கத்து முனைகளும் சம்மட்டி மாதிரி மோதிக்கொள்ளும். தோல் உரிந்து புண்ணாகும். ஆற வேண்டிய புண் ஆறுவதற்குள் மறுபடி அடி விழும். உடம்பு ஆற்றுவதற்காக வளர்க்கும் சதையே அளவு மீறித் திரண்டு நிற்பதுதான் கிரனுலோமா. அமெரிக்க வைத்தியர் செவாலியர் ஜாக்சன் 1928இலேயே இந்தப் புண்ணைத் 'தொடுபுண்' என்று எழுதி வைத்திருக்கிறார். கிரனுலோமா என்ற பெயர் உண்மையில் பொருந்தாது. காசநோயில் வருகிற மாதிரியான கிரனுலோமா இல்லை இது. ஆறத் துடிக்கும் சாதாரணச் சதைதான்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று, இல்லாவிட்டால் இரண்டு சேர்ந்தது. குரலை அடித்துப் பேசுவதும் செருமுவதும் ஒன்று. இரைப்பையின் அமிலம் தொண்டை வரை ஏறுவது இன்னொன்று. சத்திரசிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக் குழாயில் விட்ட குழாய் அந்த முனைகளை அழுத்தி உரித்திருப்பது மூன்றாவது. குரலாலும் அமிலத்தாலும் வருவது பெரும்பாலும் நடுவயது ஆண்களுக்கு. குழாயால் வருவது பெண்களுக்கு அதிகம், அவர்களின் குரல்வளை சிறியது என்பதால்.

இனி வெட்டு. என் மாமா ஒருவர் முப்பது வருடம் கங்காணியாக, தொழிலாளர்களை மேய்க்கும் மேற்பார்வையாளராக, இருந்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று கூப்பிட்டால் எதிர்மலையில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கும் கேட்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அவருக்கும் இதே இடத்தில் இதே சதை. என் ஸ்கோப், அதுதான் அந்தக் கமராக் குழாய்ப் பரிசோதனை, முடிந்த வாரம் போய்க் கேட்டேன். "மாப்புள்ள, ஒரே நாள்ல வெட்டி எடுத்துட்டாங்க. பொங்கலுக்கு வெட்டுனது, சித்திரைக்குத் திரும்ப வந்து குந்திக்கிச்சு. மறுபடி வெட்டுனாங்க. மறுபடி வந்துச்சு." இடையில் கூப்பிடுவதை நிறுத்தினீர்களா என்று கேட்டதற்கு என்னை ஒரு மாதிரி பார்த்தார். கங்காணி கூப்பிடாமல் எப்படி?

தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. செடியைக் கிளையோடு கவ்வாத்து வெட்டுவது தேயிலையைக் கொல்ல அல்ல, தளிர்க்க வைக்க. வேர் இருக்கிற வரை வெட்டின இடத்தில்தான் கூடுதலாகக் கொழுந்து வரும். கிரனுலோமாவை வெட்டினால் அந்த இடத்தில் புதிதாக ஒரு பச்சைப்புண். மோதலும் அமிலமும் நிற்காவிட்டால் அதே புண்ணின்மேல் அதே சதை. வெட்டை மட்டும் நம்பினவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரை திரும்பி வந்ததாகச் சொல்லும் வைத்திய அறிக்கைகள் உண்டு. இன்னொரு வேடிக்கை: வெட்டுவதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்க வேண்டும், மயக்கத்துக்குக் குரல்வளையில் குழாய் விட வேண்டும், குழாயே இந்த நோயின் காரணங்களில் ஒன்று. அதனால்தான் கவனமான சத்திரசிகிச்சை நிபுணர்கள் சிறிய குழாயாகப் பார்த்து விடுகிறார்கள். லேசரால் சுட்டாலும் கத்தியால் வெட்டினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை.

ஆனால் வெட்டியே ஆக வேண்டிய சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. சதை பெருத்து மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால், மூச்சுத் திணறினால், யோசிக்க நேரமில்லை. மேற்பரப்பில் வெள்ளைத் திட்டு, ஒழுங்கில்லாத வடிவம், நாண் அசையாமல் நிற்பது, மாதக்கணக்கில் மருந்து எடுத்தும் வளர்வது, இதில் எது இருந்தாலும் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியே தீர வேண்டும். நம் பக்கத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வெற்றிலை, புகையிலை, பீடி, சாராயம் எல்லாம் இருக்கும் ஊர் இது. இலங்கை ஆண்களிடையே வாய், தொண்டைப் புற்றுநோய்கள் முன்வரிசையில் நிற்கின்றன. காசநோயும் குரல்வளையில் சதை மாதிரித் தெரியலாம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினால் காது மூக்கு தொண்டைக் கிளினிக்கில் ஸ்கோப் பார்க்காமல் எந்த வைத்தியமும் ஆரம்பிக்கக்கூடாது, இஞ்சிச் சாறு உட்பட.

என் அத்தை கதை இதற்கு நேர் எதிர். கழுத்தில் தைரோய்டுக் கட்டிக்கு ஒப்பரேசன் செய்து வீடு வந்து ஐந்து வாரத்தில் குரல் கரகரத்தது. தைரோய்டு ஒப்பரேசனுக்குப் பிறகு குரல் போனால் நாண்களை அசைக்கும் நரம்பு பட்டுவிட்டதோ என்றுதான் முதலில் பயப்படுவார்கள். ஸ்கோப்பில் நாண்கள் இரண்டும் நன்றாக அசைந்தன. பின்னால் இரண்டு பக்கமும் பட்டாணி மாதிரி இரண்டு சதைகள். குழாய் உரித்த புண். அவருக்கு வெட்டவும் இல்லை, பெரிதாகப் பயிற்சியும் இல்லை. அமிலம் குறைக்கும் குளிசையும், "சத்தம் போடாதீங்க அம்மா" என்ற ஒரு வார்த்தையும், காத்திருத்தலும்தான். ஒருநாள் காலையில் இருமி ஒன்றைத் துப்பினார், கொஞ்சம் இரத்தத்தோடு. லயமே, அந்த வரிசை வீடுகளில் இருந்த எல்லாரும், கூடிவிட்டது. காம்பு மெலிந்து சதை தானாகக் கழன்று விழுவது இந்த வகையில் நடக்கிறதுதான். காரணம் ஒரே தடவை வந்து போய்விட்டது, அதனால் புண்ணும் ஆறிவிட்டது. இந்த வகை தானாகப் போகாமல் வெட்ட நேர்ந்தாலும், மாமாவுக்கு வந்தது போல அடிக்கடி திரும்புவதில்லை. பெயர் ஒன்று, இடம் ஒன்று, ஆனால் அத்தைக்குச் சரியானதை மாமாவுக்குச் சொன்னால் பிழை.

அப்புறம் எனக்கு எது? என் விஷயத்தில் உண்மையான போட்டி குளிசைக்கும் குரல் பயிற்சிக்கும் நடுவில்தான்.

குளிசை என்பது அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை. காலையும் இரவும், இரண்டு மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் வரை. அரசாங்கக் கிளினிக்கில் கொப்பியைக் காட்டினால் காசில்லாமல் கிடைக்கும். எளிய வழிதான், ஆனால் நம்மில் பாதிப் பேர் இதைப் பிழையாகத்தான் விழுங்குகிறோம். சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் போட்டால்தான் முழுசாக வேலை செய்யும், ஏனென்றால் இரைப்பையின் அமிலப் பம்புகள் சாப்பாட்டோடுதான் விழித்துக்கொள்கின்றன. நான் ஆறே காலுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறும் அவசரத்தில் குளிசையை வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் வீண். இரவு டியூஷன் முடிந்து ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் எந்தக் குளிசையும் தாங்காது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் வேண்டும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்து ஆறு அங்குலம் உயர்த்தினேன். தலையணையை அடுக்குவது அவ்வளவு பயனில்லை. இடுப்பு மடங்கி வயிறுதான் அழுந்தும்.

சரி, எனக்கு நெஞ்செரிச்சலே இல்லையே என்று டொக்டரிடம் கேட்டேன். தொண்டை வரை ஏறுகிறவர்களில் பலருக்கு அது இருக்காது என்றார். ஆனாலும் குளிசையின் மேல் உள்ள நம்பிக்கை கொஞ்சம் அதிகம்தான் என்று நினைக்கிறேன். 2021இல் பிரித்தானியாவில் வெளியான ஒரு ஆய்வில், விடாத தொண்டைத் தொந்தரவு உள்ளவர்களுக்கு நாலு மாதம் இதே வகைக் குளிசையான லான்சோப்ரசோல் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத போலிக் குளிசை விழுங்கியவர்களைவிட அவர்கள் மேலாக இல்லை. அது கிரனுலோமாவுக்கு என்றே செய்த ஆய்வு அல்ல, அதனால் அதைக் காட்டிக் குளிசையைத் தூக்கி எறிய முடியாது. குளிசையை மட்டும் நம்பி உட்காரவும் முடியாது.

குரல் பயிற்சிதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. பேச்சு சிகிச்சையாளர் ஒரு சிங்களச் சகோதரி. அன்பானவர், ஆனால் உதாரணச் சொற்கள் எல்லாம் சிங்களத்தில். அவர் சொன்ன அடிப்படை இது: உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லை வேகமாகச் சொல்லும்போது நாண்கள் முதலில் இறுக மூடி, பிறகு வெடித்துத் திறக்கும். அந்த வெடிப்புத்தான் சம்மட்டி அடி. வீட்டுக்கு வந்து என் வகுப்பறைச் சொற்களை எழுதிப் பார்த்தேன். "அமைதி!" "எழும்பு!" "இங்க பாரு!" "உக்காரு!" "ஏய்!" "எடு கொப்பிய!" தமிழ் வாத்தியாரின் அதட்டல் எல்லாமே உயிரில்தான் தொடங்குகிறது. ஒரு பாடவேளைக்கு நாற்பது தடவை, ஒரு நாளைக்கு ஏழு பாடவேளை. இத்தோடு, மரியாதை வரட்டும் என்று இருபது வருடமாகக் குரலைக் கட்டையாக்கி அடித்தொண்டையில் பேசி வந்திருக்கிறேன். அதுவும் அதே முனைகளைத்தான் நெரிக்கும்.

பயிற்சி சின்னச் சின்ன விஷயங்கள்தான். கொட்டாவி விட்டு அந்த மூச்சோடு குரலை விடுவது, 'ம்ம்' என்று உதடு அதிர முனகுவது, தண்ணீர்க் கோப்பையில் ஸ்ட்ரோ வைத்துக் குமிழி விட்டுக்கொண்டே குரல் கொடுப்பது. செருமத் தோன்றினால் ஒரு மிடறு தண்ணீர் விழுங்குவது. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், அதிலும் பனி இறங்கும் காலத்தில். கிசுகிசுத்தால் குரலுக்கு ஓய்வு என்று நினைத்திருந்தேன். அதுவும் குரல்வளையை இறுக்கத்தான் செய்யும், மெல்லிய சாதாரணக் குரலே மேல். மனைவி சொன்ன ஒரு மாத மௌன விரதமும் தேவையில்லை. பேச்சை நிறுத்தினால் புண் கொஞ்சம் ஆறும். ஆனால் பேசும் விதம் மாறாவிட்டால் திரும்பப் பேசத் தொடங்கும் அன்றைக்கே அடி தொடங்கும்.

குளிசையோடு ஒப்பிட்டால் பயிற்சிக்குப் பெரிய குறை பயணம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வளைவுகளில் இறங்கி நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிக் கண்டிப் பக்கம் போய் வர ஒரு நாள் லீவு. கொழுந்து எடுக்கும் அக்காவுக்கு அது ஒரு நாள் சம்பளம். அவர்களுக்கு மாதாமாதம் வா என்று சொல்வது சுலபமில்லை. முதல் தடவை போகும்போதே பயிற்சியை போனில் பதிவு செய்துகொண்டு வந்தால் நடுவில் இரண்டு பயணம் மிச்சமாகும். நான் அப்படித்தான் செய்தேன்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போடொக்ஸ் ஊசி போட்டு நாண்களை மூடும் தசையைத் தளர்த்துகிறார்கள். ஏறத்தாழ மூன்று மாதம் மோதல் குறையும், அதற்குள் புண் ஆறும். விடாப்பிடியாகத் திரும்பி வருகிறவர்களுக்கு நல்ல வழி. ஆனால் சில வாரம் குரல் காற்றோடு போகும், தண்ணீர் குடித்தால் புரையேறலாம், செலவும் உண்டு. மாமாவுக்கு முதல் வெட்டுக்குப் பதிலாக இதையும் யோசித்திருக்கலாம் என்பது என் எண்ணம். குரலால் பிழைக்கிற மனிதனுக்குப் புத்தி சொல்வதைவிட அவருடைய தசையைக் கொஞ்ச நாள் சோம்பேறியாக்குவது நடக்கக்கூடியது. ஆஸ்துமாக்காரர்கள் இழுக்கும் ஸ்டீரோயிட் பம்பையும் சிலருக்குக் கொடுக்கிறார்கள்; இழுத்த பிறகு வாய் கொப்பளிக்காவிட்டால் பூஞ்சை படரும். கொத்தமல்லித் தண்ணீர் இதமாக இருக்கும், அவ்வளவுதான், சதையைக் கரைக்காது.

நான் குளிசையையும் பயிற்சியையும் சேர்த்தே எடுத்தேன். மூன்று மாதம் பார்ப்பது, ஸ்கோப்பில் சுருங்கியிருந்தால் தொடர்வது, அப்படியே இருந்தால் ஊசி பற்றிப் பேசுவது, வளர்ந்திருந்தால் துண்டெடுத்துச் சோதிப்பது என்று டொக்டரோடு பேசி வைத்திருந்தேன். போன மாதம் திரையில் பார்த்தபோது குன்றிமணி கடுகாகியிருந்தது. மேசையில் இப்போது ஒரு பித்தளை மணி இருக்கிறது. "அமைதி" என்ற சொல்லை விட்டுவிட்டேன். மணியை ஒரு தட்டுத் தட்டினால் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுகிறார்கள், பின்வரிசையில் இரண்டு பேரைத் தவிர.