மாலா, தி.நகரா? பெரியவர்களோடு வெளியே போவதென்றால்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கே போவது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. பிள்ளைகள் இரண்டும் மால் கட்சி. என் மாமியாரும் வீட்டுக்காரரும் தி.நகர் கட்சி. நான் ரொம்ப நாள் எந்தப் பக்கமும் சேராமல் இருந்தேன். இப்போது மால் பக்கம் சாய்ந்துவிட்டேன், அதை மறைக்கவும் இல்லை. நாலு பேர் மட்டும் போவதாக இருந்தால் தி.நகர் என்றே சொல்வேன். எழுபதைத் தாண்டிய, முழங்கால் தேய்ந்த ஒருவரும் கூட வருகிறார் என்றால் கணக்கே வேறு.

சென்னை நங்கநல்லூரில் இருப்பதால் இரண்டுமே எங்களுக்குப் பக்கம். பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன் மாம்பலம். வேளச்சேரி பீனிக்ஸுக்கு ஆட்டோவே போதும். அதனால் தூரம், பயணச் செலவு இதையெல்லாம் ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடலாம். கார் வைத்திருப்பவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாலில் மணிக்கணக்கில் பார்க்கிங் கட்டணம், தி.நகரில் தணிகாசலம் சாலையில் மாநகராட்சியின் அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கிறது. வெயில், மழை, ஏசி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மால் என்று நான் சொல்வது 2010க்கு அப்புறம் வந்தவற்றை. அந்த வருஷம் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013இல் வேளச்சேரி பீனிக்ஸும் வடபழனி விஜயா மாலும், 2018இல் திருமங்கலத்தில் விஆர். இவற்றுக்கு முன்னால் எங்கள் தலைமுறைக்கு ஸ்பென்சர் பிளாசாதான் மால். அது சின்னச் சின்னச் சந்துகளும் படிகளுமாக ஏசி போட்ட தி.நகர் மாதிரியே இருக்கும். அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

சாப்பாட்டில் தி.நகருக்குத்தான் மார்க். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹோட்டலில் ஐந்து பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருவரிடமே சொல்லி, ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாப்பிடுகிறோம். அத்தை (என் மாமியாரைத்தான் சொல்கிறேன்) ரவா தோசையை "முறுகலா, வெங்காயம் கம்மியா" என்று சொன்னால் அப்படியே வரும். சாம்பார் கேட்டால் மறுபடி ஊற்றுவார்கள். ஃபுட் கோர்ட்டில் அது நடக்காது. பெண்ணின் பாஸ்தா முதலில் வந்துவிடும், பையனுக்கு எங்கேயோ பர்கர் வரிசை, திரையில் எங்கள் நம்பர் ஓடும் வரைக்கும் வீட்டுக்காரர் தட்டோடு நின்றுகொண்டிருப்பார். கடைசியாக வருவது அத்தையின் தோசை. அந்த ஏசியில் மேஜைக்கு வருவதற்குள் அது ஆறிப்போய், பிய்த்தால் இழுக்கும். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, பாட்டி சாப்பிடுவதை வேடிக்கை பார்ப்பார்கள். ஒன்றாகச் சாப்பிடப் போய்த் தனித்தனியாகச் சாப்பிட்டு வருவதற்கு ஏற்ற இடம் அது. தண்ணீர்கூட பாட்டில் வாங்க வேண்டும். ஹோட்டலில் உட்கார்ந்ததுமே டம்ளரில் ஊற்றிவிடுவார்கள்.

ஆனால் தி.நகர் ஹோட்டலில் ஞாயிறு ராத்திரி ஏழரை மணிக்கு இடம் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? யாரோ ஒரு குடும்பம் தயிர்சாதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்து, அவர்கள் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். முட்டி வலியோடு அத்தை நிற்பது அதைவிடக் கஷ்டம். "மேலே ஏசி ஹால்ல இடம் இருக்கு" என்பார்கள். மேலே என்றால் படி. அதே இட்லிக்குக் கூடுதல் விலை வேறு.

விலை என்று வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். தட்டுக்குத் தட்டு பார்த்தால் மாலில் அதிகம்தான். ஆனாலும் எங்கள் மாதச் செலவில் தி.நகர் ஞாயிறுகள்தான் பெரிய தொகையாக நிற்கும். மாலில் எல்லாவற்றையும் பார்ப்போம், விலைச் சீட்டைத் திருப்பிப் பார்ப்போம், வைத்துவிட்டு வந்துவிடுவோம். தி.நகரில் பார்த்துவிட்டு வந்ததாகச் சரித்திரமே இல்லை; ஒரு பிளாஸ்டிக் டப்பா, இரண்டு தலையணை உறையாவது கூடவே வரும். மாலுக்குள் இருக்கும் உட்கார்ந்து சாப்பிடும் ரெஸ்டாரன்ட்களில் பில்லைக் கவனியுங்கள். ஜிஎஸ்டி பெரும்பாலும் 5 சதவீதம், அது கட்டியே ஆக வேண்டியது. சர்வீஸ் சார்ஜ் அப்படி இல்லை. விருப்பம் இருந்தால் கொடுக்கலாம், கட்டாயமாக்கக் கூடாது என்று 2022இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னாலே எடுத்துவிடுகிறார்கள்.

இனி நான் கட்சி மாறிய காரணம். பாத்ரூம்.

அத்தை வெளியே கிளம்பும் நாளில் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டார். இது எனக்குப் பல வருஷம் தெரியாது. ஒருநாள் கிளம்பும்போது பாட்டிலை நீட்டினேன். "வேணாம்மா, அப்புறம் அங்க போய் எங்க தேடறது?" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்கு அப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். ஹோட்டலில் டம்ளர் தண்ணீரை வாயில் வைத்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். காபி வேண்டாம் என்பார், "ராத்திரி தூக்கம் வராது" என்று காரணம் சொல்வார். வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குக் காபி குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் சித்திரை மாதத்தில் ஐந்தாறு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் ரங்கநாதன் தெருவில் நடப்பது விளையாட்டு இல்லை. பெண்கள் பலருக்கு இது தெரிந்த கதைதான். நானே ஸ்கூல் படிக்கும் காலத்திலிருந்து இப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் நமக்கு முட்டி மடங்கும்.

தி.நகர் ஹோட்டல்களில் கழிப்பறை இல்லாமல் இல்லை. எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். கை கழுவும் இடத்தைத் தாண்டி, சமையற்கட்டு வாசலை ஒட்டி, பாத்திரம் கழுவுகிறவர்கள் பக்கமாக ஒரு குறுகலான வழி. தரை எப்போதும் ஈரம். உள்ளே பெரும்பாலும் இந்தியன். முட்டி தேய்ந்தவருக்கு அது கிட்டத்தட்ட பூட்டிய கதவுதான். உட்கார்ந்தாலும் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி இருக்காது. பெரிய ஜவுளிக்கடைகளில் நிலைமை நல்லாவே இருக்கிறது. லிப்ட் உண்டு, வெஸ்டர்னும் உண்டு. ஆனால் எந்த மாடி என்று கேட்டுத்தான் போக வேண்டும். எதுவும் வாங்காமல் போய்க் கேட்க அத்தைக்குக் கூச்சம். "ஒரு ப்ளவுஸ் பிட்டாவது எடுத்துட்டுக் கேளும்மா" என்று என்னை அனுப்பியிருக்கிறார்.

மாலில் யாரையும் கேட்க வேண்டாம். பெரும்பாலும் ஒவ்வொரு தளத்திலும் இருக்கிறது, பலகை தொங்குகிறது, காசு கேட்பதில்லை, எதுவும் வாங்கியிருக்க வேண்டியதில்லை. எல்லாம் வெஸ்டர்ன். துடைத்துக்கொண்டே ஒரு அம்மா நிற்பார். அத்தை போனால் அவரே உலர்ந்த அறையாகப் பார்த்துக் கதவைத் திறந்துவிடுவார். இரண்டு முறை போனதும் இருவரும் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். இந்த ஒரு வசதி அத்தையின் சாயங்காலத்தையே மாற்றிவிட்டது. கிளம்பும் முன்னால் தண்ணீர் குடிக்கிறார். உள்ளே போனதும் முதலில் ஜூஸ் கேட்பது அவர்தான். முன்பெல்லாம் ஏழு மணிக்கே "போலாமா?" என்று ஆரம்பிப்பார், அது அலுப்பு என்று நினைத்திருந்தோம்.

எல்லாம் பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. படம் இடைவேளை விடும் நேரத்தில் தியேட்டர் தளத்துப் பெண்கள் கழிப்பறைக்குப் போகாதீர்கள், வரிசை வெளியே வரைக்கும் வரும். ஒரு தளம் கீழே இறங்கினால் காலியாக இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அறைதான் கைப்பிடிக் கம்பியோடு அத்தை மாதிரியானவர்களுக்கு ஏற்றது. ஆனால் ஒரு மாலில் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி வாங்கித் திறந்தால் உள்ளே மாப்பும் பக்கெட்டும் அடுக்கியிருந்தது. சத்தம் போட்ட பிறகு எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது மறுபடி பக்கெட்.

அடுத்த தொல்லை எஸ்கலேட்டர். புடவை கட்டிய, கால் தடுமாறும் ஒருவருக்கு அது ஆபத்தான சமாச்சாரம். அத்தை கொசுவத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு படி போகட்டும், இன்னொரு படி போகட்டும் என்று காலை நீட்டி நீட்டி இழுப்பார். பின்னால் கூட்டம் சேர்ந்துவிடும். லிப்டில் போகலாம் என்றால், சாப்பிடும் இடமும் தியேட்டரும் பெரும்பாலும் உச்சியில்தான். காரணம் இருக்கிறது. மேலே போகிற கூட்டம் ஒவ்வொரு மாடிக் கடையையும் கடந்து போக வேண்டும் என்பதே வியாபாரம். அதனால்தான் எஸ்கலேட்டர் நடுவில் பளிச்சென்று தெரியும், லிப்ட் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும். ஞாயிறு சாயங்காலம் கார் நிறுத்தும் அடித்தளத்திலேயே லிப்ட் நிரம்பிவிடும். தரைத்தளத்தில் நிற்பவர்களுக்குக் கதவு திறந்து மூடுவதைப் பார்ப்பதுதான் மிச்சம். நாங்கள் கண்டுபிடித்த வழி, கீழே இறங்குகிற லிப்டில் ஏறி அடித்தளம் வரை போய் அப்படியே மேலே வருவது. முதலில் அத்தை, "எதுக்கும்மா பாதாளத்துக்குப் போறோம்?" என்று கேட்டார். இப்போது மற்ற பாட்டிகளுக்கு அவரே சொல்லித் தருகிறார்.

தி.நகரும் சும்மா இல்லை. பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கிப் பெஞ்சுகள் போட்டார்கள். உட்கார இடம் என்று பார்த்தால் சில மால்களைவிட அங்கே தாராளம். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை 2023இல் திறந்த ஆகாய நடைமேடையில் லிப்டும் இருக்கிறது. ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் வர அது பெரிய உதவி. ஆனால் அரை கிலோமீட்டருக்கு மேல் நடை. அத்தைக்கு அது முடிந்ததும் பாதிச் சக்தி போய்விடுகிறது, இன்னும் ஒரு கடைகூடப் பார்த்திருக்க மாட்டோம்.

சரி, சாப்பாட்டை என்ன செய்வது? மாலில் சுற்றிவிட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுப் பக்கத்து ஹோட்டலுக்கு வந்துவிடுகிறோம். ஃபுட் கோர்ட்டில் பிள்ளைகள் கேட்கிற ஒரு தட்டு ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், ஐஸ்க்ரீம், அவ்வளவுதான். எட்டரை மணி வாக்கில் நங்கநல்லூருக்குத் திரும்பி, கூட்டம் குறைந்த ஹோட்டலில் டிபன். அங்கே கழிப்பறை எப்படியிருந்தாலும் கவலை இல்லை, வீடு கூப்பிடு தூரம். மாலுக்குள்ளேயே ராத்திரிச் சாப்பாடு வேண்டும் என்றால் ஃபுட் கோர்ட்டை விட்டு உட்கார்ந்து சாப்பிடும் ரெஸ்டாரன்டுக்குப் போங்கள், ஆறரைக்கே போங்கள். பணம் கூடும், ஆனால் ஐந்து தட்டும் ஒரே நேரத்தில் மேஜைக்கு வரும்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இதெல்லாம் எவ்வளவு பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். என் பிள்ளைகள் டயப்பர் கட்டிய காலத்தில் நாங்கள் எங்கேயும் போகவில்லை. சக்கர நாற்காலி வேண்டுமா என்று எங்களை ஒரு மாலில் கேட்டார்கள். அத்தை பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது. கோவை, மதுரை மால்களுக்கு ஒவ்வொரு தடவை போனதோடு சரி, அதை வைத்துப் பேசுவது நியாயமில்லை.

வாங்குவதற்காகவே போவதென்றால் இந்த அலசல் செல்லாது. பட்டுப்புடவை, நகை, பித்தளைப் பாத்திரம் எதற்கும் மாலில் வேலை இல்லை, அத்தை அங்கே புடவையைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. அதற்கு ஒரு வேலைநாளில் அவரையும் கூட்டிக்கொண்டு காலை பத்தரைக்கே தி.நகர் போய்விடுகிறேன். லிப்ட் உள்ள ஒரே கடை, அங்கேயே எல்லாம். பதினோரு மணிக்கு ஹோட்டலில் நாற்காலி காலியாக இருக்கும், தோசையும் சூடாக வரும், ஒரு மணிக்குள் வீடு. ஐப்பசி பிறந்துவிட்டால் அதுவும் கிடையாது. தீபாவளித் துணியைப் புரட்டாசியிலேயே எடுத்துவிடுகிறோம்.