மாத்திரை டப்பி, பாக்கெட், சொட்டு பாட்டில், விளிம்புக் கிளிப்: சூடான டீக்கு எது சரிவரும்?

சர்க்கரையை நிறுத்திவிட்டு மாற்று இனிப்புக்குப் போகிறவர்கள் ஸ்டீவியாவா, சுக்ரலோஸா என்று நிறைய விசாரிக்கிறார்கள். அந்த இனிப்பு எந்த வழியாகக் கோப்பைக்குள் விழப்போகிறது என்பதை யாரும் விசாரிப்பதில்லை. தினமும் தொல்லை கொடுப்பது அதுதான்.

ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 முதல் 5 கிராம் வரும். அதே இனிப்புக்குச் சுக்ரலோஸ் 7, 8 மில்லிகிராம் போதும். அஸ்பார்டேம் என்றால் 20 மில்லிகிராம் அளவுக்கு வேண்டும். இவ்வளவு சிறிய அளவை ஸ்பூனால் எடுத்துப் போட முடியாது. அதனால் அளந்து கொடுக்க ஏதாவது ஒரு கருவி தேவைப்படுகிறது. நம் முன்னால் இருப்பவை நான்கு: அழுத்தினால் ஒரு மாத்திரை விழும் சட்டைப்பை டப்பி, கிழித்துக் கொட்டும் பாக்கெட், சொட்டு பாட்டில், கோப்பையின் விளிம்பிலேயே கிளிப் போட்டு மாட்டும் கருவி. கடைசியாகச் சொன்னதுதான் பார்வைக்கு வசதியாகத் தெரிகிறது. பெரும்பாலானவர்களுக்கு அதுதான் கடைசித் தேர்வாக இருக்க வேண்டும் என்பது எங்கள் முடிவு. காரணம் ஆவி.

விளிம்பில் மாட்டும் கருவி

இந்த வகையின் அமைப்பு எளிது. கீழே ஒரு கிளிப், அதன் மேல் சிறு கொள்கலன், கோப்பைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூக்கு, அழுத்தவோ திருப்பவோ ஒரு நெம்புகோல். உள்ளே நிரப்புவது மாத்திரையா, பொடியா, திரவமா என்பதைப் பொறுத்துக் கெட்டுப்போகும் விதம் மாறும்.

பொடிதான் மூன்றிலும் மோசம். வெறும் சுக்ரலோஸை 7 மில்லிகிராம் கணக்கில் அளந்து தள்ளுவது மலிவான பிளாஸ்டிக் உருளையால் ஆகாத காரியம். ஆகவே டெக்ஸ்ட்ரோஸோ மால்டோடெக்ஸ்ட்ரினோ கலந்து பருமன் கூட்டிய பொடியைத்தான் போட வேண்டியிருக்கும். மால்டோடெக்ஸ்ட்ரின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். 80 டிகிரி டீக்கு நேர் மேலே இருக்கும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. அது மூக்கின் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. இரண்டு மூன்று கோப்பைக்குள் மூக்கின் உட்புறத்தில் ஒரு பசைப் படலம் உருவாகும். முதலில் அளவு குறையும். பிறகு அடைத்துக்கொள்ளும். ஓங்கித் தட்டினால் கட்டியாக விழுந்து டீ வாயில் வைக்க முடியாத இனிப்பாகிவிடும். எரித்ரிட்டால் கலந்த பொடி இந்த அளவுக்கு ஈரம் இழுக்காது. ஆனால் அதன் இனிப்பு சர்க்கரையில் 60 முதல் 70 சதவீதம்தான். ஸ்டீவியா சேர்த்து இனிப்பைக் கூட்டாத எரித்ரிட்டால் என்றால் ஒரு டம்ளருக்கு ஒன்றரை ஸ்பூன் தேவைப்படும், அவ்வளவு கிளிப்பில் ஏற்ற முடியாது.

திரவ வகையில் சிக்கல் வேறு மாதிரி. 10 மில்லி கொள்கலன், பாதி காலியானது என்று வைத்துக்கொள்வோம். மேலே 5 மில்லி காற்று. விளிம்பின் சூட்டில் அது 30 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குப் போனால் காற்று விரிவதோடு உள்ளே நீராவியின் அழுத்தமும் கூடும். இரண்டும் சேர்ந்து அந்த 5 மில்லி 6 மில்லியைத் தாண்ட முயலும். மூக்கு கீழ்நோக்கித் திறந்திருந்தால் அந்தக் கூடுதல் ஒரு மில்லி அளவுக்குத் திரவத்தை வெளியே தள்ளும். ஒரு மில்லி என்பது சுமார் 20 சொட்டு. யாரும் அழுத்தாமலே இவ்வளவும் டீயில் இறங்கும். மூக்கில் வால்வு இருந்தால் ஒழுகாது, ஆனால் முதல் அழுத்தத்தில் மொத்தமாகப் பீய்ச்சும். வாங்குவதாக இருந்தால் கொள்கலனின் மேல்பக்கம் காற்றுத் துளை இருக்கிறதா, மூக்கில் சிலிக்கான் வால்வு இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். இவற்றில் ஒன்று மட்டும் போதாது.

மாத்திரை வகை ஓரளவு தாங்கும். அதிலும் ஆவி நுழையும் வழி கீழ்த்துளைதான். துளை வாயில் காத்திருக்கும் மாத்திரை ஈரம் பட்டு ஊதி, அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மூக்குக்குக் கீழே தானாக மூடிக்கொள்ளும் தகடு இருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

இனி கிளிப். எவர்சில்வர் டம்ளரின் தகடு மெல்லியதுதான், ஆனால் விளிம்பு வெளிப்பக்கம் சுருட்டியிருப்பதால் அங்கே தடிமன் கூடும். பீங்கான் குவளையில் விளிம்பு 3 முதல் 5 மில்லிமீட்டர் வரும். ஒன்றுக்கு அளவெடுத்த கிளிப் மற்றொன்றில் ஆடும், இல்லாவிட்டால் நுழையாது. எவர்சில்வர் சூட்டை உடனே கடத்துவதால் கிளிப்பும் சுடும்; பாலிஸ்டைரின் பிளாஸ்டிக் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும், தினசரிச் சூட்டில் அதன் பிடி தளரும். பாலிபுரொப்பிலீன் தாங்கும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிபுரொப்பிலீன், 6 என்றால் பாலிஸ்டைரின்.

பேப்பர் கப்பில் இதை மாட்டவே கூடாது. 30 கிராம் எடையுள்ள கருவி சின்ன டீ கப்பின் விளிம்புக்கு வெளியே தொங்கினால், கப் நிறைய இருக்கும் வரை நிற்கும். குடித்துக் குடித்துக் கப்பும் டீயும் சேர்ந்து 20 கிராம் அளவுக்குக் குறையும்போது கருவிப் பக்கம் சாய்ந்துவிடும். மிச்ச டீ மடியில்.

டபராவில் ஆற்றிக் குடிப்பவர்களுக்கும் இது உதவாது. ஆற்றும்போது கிளிப்பைக் கழற்ற வேண்டும், பிறகு மாட்ட வேண்டும். அண்ணாந்து குடிக்கிறவர்களுக்கோ அது முகத்தில் இடிக்கும்.

சட்டைப்பை டப்பி

கடைக்குப் போய் "ஒரு டீ, வித்தவுட்" என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து டப்பியை எடுக்கிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். நான்கில் எங்கள் முதல் தேர்வும் இதுதான். பெரும்பாலான தயாரிப்புகளில் ஒரு மாத்திரை ஒரு டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம்.

உள்ளே நடப்பது இது: மேல் பொத்தானை அழுத்தினால் ஒரு மாத்திரைக்கு மட்டும் இடமுள்ள சறுக்குத்தகடு நகர்ந்து, அந்த ஒன்றைக் கீழ்த்துளைக்குக் கொண்டுவந்து விடும். ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். டப்பியைச் செங்குத்தாகப் பிடித்து, லேசாக ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு அழுத்த வேண்டும். சாய்த்துப் பிடித்தால் குழியில் மாத்திரை உட்காராது, வெறும் 'டிக்' சத்தம் மட்டும் வரும்.

எல்லோரும் செய்யும் தவறு, ஆவி பறக்கும் டம்ளருக்கு நேர் மேலே பிடித்து அழுத்துவது. விளிம்புக் கிளிப்புக்கு வரும் அதே நோயை நாமே டப்பிக்கு வரவழைக்கிறோம். உள்ளங்கையிலோ காய்ந்த ஸ்பூனிலோ அழுத்தி, அதை டம்ளரில் போடுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் டப்பி கடைசி மாத்திரை வரை ஓடும். அடுப்புக்கு மேல் இருக்கும் அலமாரியும் வேண்டாம். குக்கர் ஆவி அங்கேதான் போய்ச் சேரும்.

டப்பி சிக்கிக்கொண்டால் பெரும்பாலும் காரணம் உடைந்த மாத்திரை. பாதித் துண்டு குழியில் உட்கார்ந்தால் அரை அளவு விழும், இல்லை முழு மாத்திரைக்கு வழிவிடாது. மூடி கழலும் டப்பியாக இருந்தால் எல்லாவற்றையும் தட்டில் கொட்டி, தூளையும் துண்டையும் நீக்கி, காய்ந்த பிரஷ்ஷால் குழியைத் துடைத்து, முழு மாத்திரைகளை மட்டும் திரும்பப் போடுங்கள். தண்ணீரில் கழுவினால் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். மூடி கழலாத டப்பியை நெம்பித் திறந்தால் ஸ்பிரிங் பறந்துவிடும். அதில் அடைத்துக்கொண்டால் மாத்திரைகளை மட்டும் மீட்டுக் காற்றுப் புகாத சிறு பாட்டிலில் வைத்துக்கொள்வதே வழி.

ஃபில்டர் காபிக்கு ஒரு குறிப்பு. நுரை தளும்பும் டம்ளரில் மேலே போட்ட மாத்திரை நுரையிலேயே உட்கார்ந்துவிடும், இனிப்பு கீழே இறங்காது. மாத்திரையை டபராவில் போட்டு, காபியை அதில் ஊற்றி, இரண்டு முறை ஆற்றினால் முழுக்கக் கரைந்துவிடும்.

பாக்கெட்

ஆவித் தொல்லை கிடையாது, எதுவும் அடைக்காது. அலுவலகத்தில் பத்துப் பேருக்கு வைக்க இதுவே சுத்தம்.

கவனிக்க வேண்டியது அளவு. பல தயாரிப்புகளில் 1 கிராம் பாக்கெட் என்பது இரண்டு டீஸ்பூன் சர்க்கரையின் இனிப்பு. ஒரு மாத்திரை போட்டுப் பழகியவர் ஒரு பாக்கெட்டைக் கொட்டிவிட்டு "இது கசக்கிறதே" என்பார். அளவு கூடினால் சாக்கரினும் ஸ்டீவியாவும் நாக்கில் கசப்பை விடும். பாதியைக் கொட்டி மீதியை மடித்து வைக்கவும் முடியாது, கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் மாலைக்குள் கட்டியாகிவிடும். பாக்கெட்டில் பெரும்பகுதி டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின்தான். ஒரு கிராமுக்கு 4 கலோரிக்குள் அடங்கும். ஒன்றிரண்டு கோப்பைக்கு அது பொருட்டில்லை. நாளைக்கு ஏழெட்டு டீ குடிக்கிறவர் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

சொட்டு பாட்டில்

கால் டீஸ்பூன், அரை டீஸ்பூன் என்று நுணுக்கமாகக் குறைக்க இதை விட்டால் வேறு வழியில்லை. இனிப்பைப் படிப்படியாகக் குறைக்க நினைப்பவருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். வாரத்துக்கு ஒரு சொட்டு குறைத்துக்கொண்டே வரலாம்.

சொட்டின் அளவு பாட்டிலைப் பிடிக்கும் விதத்தால் மாறும். செங்குத்தாகக் கவிழ்த்தால் சொட்டு ஓர் அளவில் விழும். சாய்த்துப் பிடித்தால் மூக்கின் ஓரத்தில் மட்டும் தொங்குவதால் அளவு மாறிவிடும். எந்தக் கோணமானாலும் சரி, தினமும் அதே கோணத்தில் பிடிக்க வேண்டும். பிதுக்காமல் தானாக விழ விடுங்கள். இங்கேயும் டம்ளரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பது நல்லது. மூக்கில் காய்ந்த படலம் தெரிந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

எதில் எந்த இனிப்பு

அஸ்பார்டேம் சூட்டில் சிதையும், பால் கலந்த டீயின் அமிலத்தன்மை அளவு நடுநிலையை ஒட்டியிருப்பதால் இன்னும் வேகமாகச் சிதையும். கோப்பையில் போட்டு உடனே குடித்தால் பிரச்சினை இல்லை. டீத்தூளோடு கொதிக்கவிட்டால், அல்லது கலந்து பிளாஸ்கில் ஊற்றிச் சில மணி நேரம் வைத்தால், இனிப்பு குறைந்து வெறும் டீயாகிவிடும். பிளாஸ்குக்குச் சுக்ரலோஸ் அல்லது ஸ்டீவியாதான் சரி. பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா (அஸ்பார்டேமில் உள்ள ஃபீனைலலனினை உடலால் சரியாகச் சிதைக்க முடியாத நோய்) உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டி, உடல் எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்புகளை நம்ப வேண்டாம் என்கிறது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை

டப்பியோ மாத்திரைக் கிளிப்போ என்றால், காய்ந்த தட்டில் 20 முறை அழுத்தி எண்ணுங்கள். 20 முழு மாத்திரை விழ வேண்டும். துண்டுகள் விழுந்தால் குழியின் அளவும் மாத்திரையின் அளவும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். வேறு தயாரிப்பின் மாத்திரையை நிரப்பும்போது இது அடிக்கடி நடக்கும். கிளிப்பாக இருந்தால் கொதித்து இறக்கிய வெந்நீர் டம்ளரில் 10 நிமிடம் மாட்டி வைத்துவிட்டு இன்னும் ஐந்து முறை அழுத்துங்கள். ஐந்தும் விழாவிட்டால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம். திரவக் கிளிப்பை அதே டம்ளரில் 10 நிமிடம் தொடாமல் விடுங்கள். கிளிப் மாட்டுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், ஒரு கிராம் குறைந்திருந்தாலும் ஒழுகுகிறது.

யாருக்குக் கிளிப் வேண்டும்

பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை மட்டும் இயங்குகிறவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், பார்வை மங்கியவர்கள். பாக்கெட்டைக் கிழிக்க இரண்டு கை வேண்டும். டப்பியின் சின்னப் பொத்தானுக்கு விரல் வலு வேண்டும். சொட்டை எண்ணக் கண் வேண்டும். இவர்களுக்கு அகலமான நெம்புகோல் உள்ள மாத்திரைக் கிளிப், கனமான பீங்கான் குவளை இரண்டும் சேர்ந்தால் யாரையும் கூப்பிடாமல் தாங்களே டீயில் இனிப்புச் சேர்த்துக்கொள்ள முடியும். அதற்காக ஆவித் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம். கிளிப்பைக் குவளையின் பிடிக்கு நேர் மேலே மாட்டாமல், குடிக்கும் பக்கத்துக்கு எதிரே மாட்டிவையுங்கள். டீ ஊற்றுவதற்கு முன்பே, குவளை காய்ந்திருக்கும்போது அழுத்தச் சொல்லுங்கள்: மாத்திரை அடியில் விழுந்துகிடக்கும், மேலே ஊற்றும் வேகத்திலேயே கரைந்துவிடும். ஊற்றுவதற்கு முன் கிளிப்பைக் கழற்றிவிட்டால் ஆவி அதைத் தொடுவதே இல்லை.