வேர்க்குருவுக்கு எந்தச் சந்தனம்: கட்டையா, எண்ணெயா, செஞ்சந்தனமா?

சோளகம் அடிக்கிற மாசங்களில வன்னியில வயலுக்குப் போற ஆக்களுக்கு கழுத்து, முதுகெல்லாம் வேர்க்குரு போட்டிடும், உடன எல்லாரும் தேடுறது சந்தனம். ஆனா கடையில சந்தனம் எண்டு தாற சாமான் எல்லாம் ஒண்டில்லை, இதைத் தெரியாமக் கனபேர் காசைக் கரியாக்கினம்.

என்ர ஓட்டு உரசுற கட்டைக்குத்தான். இது சான்டலம் ஆல்பம் எண்ட மரம், எங்கட நாட்டில வெலிமடை, பதுளைப் பக்கம் இருக்கு. மணம் இருக்கிறது மரத்தின்ர நடு வைரத்திலயும் வேரிலயும்தான், வெளிப்பக்க வெள்ளை மரத்தில ஒண்டும் இல்லை, வைரம் நல்லா முத்தப் பல வருசம் போகும், அதாலதான் இந்த விலை. கல்லில ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு வட்டமா உரசிப் பாருங்கோ, வெளிர் மஞ்சளாக் குழம்பு வரும், விரலுக்குள்ள நறநறக்காது. பூசினவுடன பெருசா மணக்காது, ஆனா காய்ஞ்ச பிறகும் மணம் கனநேரம் தோலிலயே நிக்கும், ஏனெண்டா அதில இருக்கிற சான்டலோல் எண்ட மணப்பொருள் லேசில ஆவியாப் போற சாமான் இல்லை. ஈரமும் மாவும் சேந்து உடன குளிர்ச்சி தரும், எண்ணெய் கொஞ்சமாத்தான் தோலில படும், அதால எரிச்சலுக்கும் பயம் குறைவு.

அந்த மரத்தைக் காய்ச்சி வடிச்சதுதான் எண்ணெய். சர்வதேசத் தரப்படி அல்பா சான்டலோல் 41 தொடக்கம் 55 வீதம், பீட்டா 16 தொடக்கம் 24 வீதம் இருக்கோணும். அல்பா சான்டலோல் அழற்சியைக் குறைக்கிறதும், தோலைக் கறுப்பாக்கிற டைரோசினேஸ் நொதியை மட்டுப்படுத்திறதும் ஆய்வுகூடத்தில பார்த்திருக்கினம், ஆனா அதை வைச்சு முகம் வெள்ளையாகும் எண்டு சொல்ல ஏலாது. அவுஸ்திரேலியச் சந்தன எண்ணெயும் கடையில வருது, அது வேற இனம், சான்டலோல் குறைவு, ஒவ்வாமை தரக்கூடிய ஃபார்னசோலும் இருக்கு. எந்த எண்ணெயா இருந்தாலும் தேங்காயெண்ணெயில கலக்காமப் பூசாதேங்கோ, குடிக்கவே கூடாது, சின்னப் பிள்ளையளுக்கு வேண்டாம்.

செஞ்சந்தனம் பேருக்குத்தான் சந்தனம். ஆந்திர மலைகளில வாற, அவரைக் குடும்பத்து மரம், மணம் கிடையாது, சிவப்பு நிறம் சான்டலின் எண்ட சாயத்தால வாறது. சித்த வைத்தியத்தில வீக்கத்துக்கும் சூட்டுக்கும் குடுக்கினம், அதுக்கெண்டு வைத்தியர் சொன்னா வாங்குங்கோ, வெள்ளைச் சந்தனத்துக்குப் பதிலா வாங்காதேங்கோ.

பக்கற்றுக்குள்ள வாற தூளைத்தான் நான் கடைசியா வைப்பன். மாவுக்கு சென்ட் அடிச்சதும் இருக்கு, திறந்தவுடன மூக்கில அடிச்சு, பூசிக் கொஞ்ச நேரத்தில மணம் காணாமப் போனா யோசிக்கோணும். சென்ட் எல்லாம் பிரயோசனமில்லை எண்டும் இல்லை, சான்டலோர் எண்ட செயற்கை வாசனை தோல் செல்லில இருக்கிற மணத்தை உணருற ஒரு ஏற்பியைத் தூண்டிக் காயம் மூடுறதை வேகப்படுத்தும் எண்டு 2014இல ஜெர்மன்காரர் ஆய்வுகூடத்தில காட்டினவை. ஆனா மலிவுப் பக்கற்றுக்குள்ள என்ன சென்ட் கிடக்கு எண்டு ஆருக்குத் தெரியும்?

எதைப் பூசினாலும் முதல் முழங்கை மடிப்பில கொஞ்சம் பூசி அடுத்த நாள் வரை பாருங்கோ. குரு சீழ் பிடிச்சாலோ காய்ச்சல் வந்தாலோ கட்டையைக் கழுவி வைச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.