ஹால் சென்சார் ஜாய்ஸ்டிக்: ஒன்றரை ஆண்டுக்குப் பின்

வாங்கி 14 மாதங்கள் ஆன என் கேம் கன்ட்ரோலரின் இடப்பக்க ஜாய்ஸ்டிக், விரல் படாதபோதும் தானாகவே இடதுபுறம் இழுக்கத் தொடங்கியது. உத்தரவாதம் முடிந்திருந்ததால், இரண்டு ஜாய்ஸ்டிக்குகளையும் கழற்றிவிட்டு, ஹால் சென்சார் வகையை வீட்டிலேயே பொருத்தினேன். ஒன்றரை ஆண்டாக வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது விளையாடுகிறேன். டிரிஃப்ட் எனப்படும் அந்தத் தானியங்கி இழுப்பு ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

பழைய வகையில், அசைவை மின்னழுத்தமாக மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர் என்ற மாறுமின்தடையின் கரிப்பூச்சின்மேல் ஓர் உலோக நாக்கு ஓயாமல் உரசுவதால், பூச்சு தேயத் தேய, ஜாய்ஸ்டிக் நடுவில் நின்றாலும் மின்னழுத்தம் நடுமதிப்பில் நிற்பதில்லை. ஹால் வகையிலோ, தண்டோடு அசையும் காந்தத்தின் புலத்தைச் சென்சார் தொடாமலேயே அளக்கிறது. புதுமை என்று சொல்லவும் முடியாது. 1998இல் வந்த சேகா டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது.

பொருத்துவதைவிடக் கழற்றுவதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு ஜாய்ஸ்டிக்குக்கும், உருக்கி ஒட்டும் உலோகமான சால்டரால் போர்டில் பற்றவைத்த 14 கால்கள் உண்டு; அவற்றுள் சட்டகத்தைத் தாங்கும் நான்கும் போர்டின் அகலமான செப்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால், சால்டரிங் அயர்னின் சூட்டையெல்லாம் அதுவே குடித்துவிடுகிறது. ஈயமில்லாத சால்டர் உருக ஏறத்தாழ 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதன்மேல் 183 டிகிரியில் உருகும் 63/37 ஈய சால்டரையும் (63% வெள்ளீயம், 37% ஈயம்), சால்டர் நன்றாக உருகி ஓட உதவும் ஃப்ளக்ஸையும் சேர்த்துக் கலந்த பிறகே பம்ப்பால் உறிஞ்ச முடிந்தது. பொறுமையிழந்து முதல் ஜாய்ஸ்டிக்கை நெம்பியதில் ஒரு செப்பு வளையம் பெயர்ந்து வந்துவிட்டது. மெல்லிய கம்பியால் நான் போட்ட ஒட்டு இன்றும் தாங்குகிறது என்பது எனக்கே வியப்புதான். இரண்டாவதை வெட்டுக் குறடால் துண்டாக்கி, ஒவ்வொரு காலாக எடுத்தேன். பழைய ஜாய்ஸ்டிக் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது என்பதால், புதிதாகச் செய்பவர்கள் தொடக்கத்திலேயே இப்படி வெட்டிவிடலாம்.

பொருத்தியவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. நடுநிலை சற்று விலகியே காட்டியதால், மென்பொருள் மூலம் அளவுத்திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. எல்லாக் கன்ட்ரோலர்களும் இதற்கு இடம் தருவதில்லை என்பதை வாங்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்பிரிங் பழையதைவிட விறைப்பாக இருந்ததால், துல்லியமாகக் குறிபார்க்க என் கட்டைவிரல் பழகவே இரண்டு வாரங்கள் ஆயின. சார்ஜும் முன்னைவிடச் சீக்கிரம் இறங்குகிறது. ஆனால் பேட்டரிக்கும் வயதாகிவிட்டதால் பழியைச் சென்சார்மேல் போட மனம் வரவில்லை.

இதுவரை கண்கூடாகத் தேய்ந்திருப்பது மேலுள்ள ரப்பர் தொப்பி மட்டுமே.