விரத நாள் ரெடி மீல் வாங்குகிறவர்களுக்கு: அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

ஐந்து வாரம் ஏமாந்திருக்கிறோம். இதே வலையில் வேறு யாரும் விழக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நானும் என் கணவரும் வாரத்தில் 2 நாள் விரதம், மற்ற 5 நாள் வழக்கமான சாப்பாடு என்ற முறையைப் பின்பற்றுகிறோம். மருத்துவம் படித்த பத்திரிகையாளர் மைக்கேல் மோஸ்லி 2012-ல் பிபிசி நிகழ்ச்சி ஒன்றின் மூலம் பரவலாக்கிய முறை இது. விரத நாளில் பெண்களுக்குச் சுமார் 500 கலோரி, ஆண்களுக்கு 600. அதற்குள் நிற்க வேண்டுமானால் எண்ணெயைக்கூட அளந்து ஊற்ற வேண்டும். வேலை முடிந்து வந்து, பசியோடு அடுப்பின் முன் நின்று அளப்பது எத்தனை கஷ்டம் என்று விரதம் இருப்பவர்களுக்குத் தெரியும். ருசி பார்ப்பதிலேயே இரண்டு கரண்டி உள்ளே போய்விடும். அதனால்தான் 'விரத நாள் உணவு' என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தில் சந்தா கட்டினேன். உறையவைத்த டிரேக்கள், அட்டையின் முன்பக்கத்தில் பெரிதாக '240 கலோரி'. ஆளுக்கு மதியம் ஒன்று, இரவு ஒன்று. மொத்தம் 480. அளவு சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

எடை அசையவில்லை. அதைவிட என்னை யோசிக்க வைத்தது தாகம். விரத நாள் இரவுகளில் இரண்டு பேரும் எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தோம். ஒரு நாள் ராத்திரி, குப்பையில் போட இருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் இருந்தது: '1 சர்விங் 190 கிராம். ஒரு பெட்டியில் 2 சர்விங்.'

சர்விங் என்றால் ஒருவர் ஒரு வேளைக்குச் சாப்பிடும் அளவு. முன்பக்கத்தில் இருந்த 240 ஒரு சர்விங்குக்கு மட்டும்தான். அதாவது ஒரு டிரே 480 கலோரி. விரதம் என்று நினைத்துக்கொண்டு நாளுக்கு 960 கலோரி சாப்பிட்டிருக்கிறோம்.

எனக்குக் கோபம் வந்தது அதன் கீழே இருந்த வரியைப் படித்தபோதுதான். 'முழுவதையும் ஒரே முறை சூடாக்கி உடனே உண்ணவும். மீண்டும் சூடாக்கவோ உறையவைக்கவோ கூடாது.' பாதியை எடுத்து வைக்கக் கூடாது என்று அவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் இதில் இரண்டாவது சர்விங் யாருக்கு? டிரேயில் தடுப்பு இல்லை, படத்தில் ஒரே ஒரு ஸ்பூன். ஒருவர் சாப்பிடுவதற்கென்றே செய்துவிட்டு, கலோரியை மட்டும் பாதியாகப் போட்டிருக்கிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்புறம் உப்பு. ஒரு சர்விங்கில் சோடியம் 740 மில்லிகிராம். இரண்டு டிரே என்றால் 2960. சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும், 7.4 கிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. என் கணவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். உடம்புக்கு நல்லது என்று நம்பி அவருக்கு நானே சூடாக்கிக் கொடுத்தேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

போன் செய்தால், "பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோமே மேடம்" என்றார்கள். சந்தாவை நிறுத்தச் சொன்னால், அடுத்த பெட்டி தயாராகிவிட்டது என்று அதற்கும் பணம் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது எதை வாங்கினாலும் 'சர்விங்' என்ற வார்த்தையை நான் நம்புவதில்லை. 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று பார்த்து, பெட்டியின் நிகர எடையோடு பெருக்கி, 100-ஆல் வகுத்துப் பார்க்கிறேன். இந்த டிரேயில் 100 கிராமுக்கு 126 கலோரி, எடை 380 கிராம். உண்மை ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். சில லேபிள்களில் கிலோஜூல் மட்டும் இருக்கும், அதை 4.18-ஆல் வகுக்க வேண்டும். புரதத்தையும் பாருங்கள். இந்த உணவில் பாதி டிரேக்கு 7 கிராம்தான். அவர்கள் சொல்கிற அளவில் சாப்பிட்டிருந்தாலும் பசி அடங்கியிருக்காது. லேபிளில் உள்ள எண்ணையும் ஒரேயடியாக நம்ப வேண்டாம். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடைகளில் விற்கும் உறைந்த உணவுகளைச் சோதித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், லேபிளில் இருந்ததைவிடச் சராசரியாக 8 சதவீதம் கூடுதல் கலோரி இருந்தது. அதனால் வரம்பை ஒட்டி வாங்காமல் கொஞ்சம் இடம் விட்டு வாங்குகிறேன். இணையத்தில் வாங்கும்போது பின்பக்கப் படம் போடாத பொருளைத் தொடுவதே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே விளம்பரத்தில் 'சர்க்கரை நோயாளிகளுக்கும் ஏற்றது' என்று இருந்தது. இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையைக் குறைக்கும் சில வகை மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் விரத நாளில் உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றிக் கொடுக்காமல் இந்த விரதத்தையே தொடங்கக் கூடாது. எந்தப் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

அட்டைகளைப் படம் எடுத்து நுகர்வோர் குறைதீர்ப்புக்கு அனுப்பிய பிறகுதான் சந்தா ரத்தானது. பணத்துக்குப் பதில் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். புகார் இன்னும் நடக்கிறது. உங்களிடமும் இதுபோன்ற அட்டை இருந்தால் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். என்னிடம் முதலில் கேட்ட ஆதாரமே அதுதான்.