லோவல் மில் பூங்கா: ஊர்த் திட்டம் போடுகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள லோவல் தேசிய வரலாற்றுப் பூங்காவுக்கு வேலியும் இல்லை, வாயிற்கதவும் இல்லை. பஞ்சாலைகள், கால்வாய்கள், கடைத்தெரு எல்லாம் சேர்ந்த ஊரின் நடுப்பகுதிதான் பூங்கா. மில் மூடிய ஊரை என்ன செய்வது என்று யோசிப்பவர்கள் இதை வெறும் அருங்காட்சியகமாகப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது.

இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் பழைய பஞ்சாலையான பூட் மில்லின் நெசவுக்கூடத்தில் தொடங்குங்கள். 88 விசைத்தறிகள் நிற்கின்றன. ஒரு நேரத்தில் சிலதான் ஓடும். அதற்கே தரை அதிரும், காதடைப்பான் இல்லாமல் நிற்க முடியாது. மேலே சுழலும் தண்டிலிருந்து இறங்கும் பெல்ட்தான் தறியை ஓட்டுகிறது. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒன்று அறுந்தால் அதில் தொங்கும் மெல்லிய தகடு விழுந்து தறி நின்றுவிடும். இங்கே நெய்யும் துணி அருங்காட்சியகக் கடையிலேயே விற்பனைக்கு வருகிறது. ஓடாத தறியைக் காட்சிக்கு வைப்பதைவிட இதற்கு ஆளும் செலவும் கூடுதல், ஆனாலும் தகும்.

அடுத்து கால்வாய். மெரிமேக் ஆறு இங்கே சுமார் 32 அடி இறங்குகிறது. அந்த நீர்விசையை மில்களுக்குப் பங்கிட வெட்டியதே சுமார் 9 கிலோமீட்டர் கால்வாய்கள். பாட்டக்கெட் கால்வாயில் பொறியாளர் ஜேம்ஸ் பிரான்சிஸ் 1850-இல் அமைத்த பெரிய மரக்கதவை விட்டுவிடாதீர்கள். வீண் வேலை என்று அன்று கேலி செய்தார்கள். 1852 வெள்ளத்தில் அதை இறக்கித்தான் ஊரைக் காப்பாற்றினார்கள், 1936-இலும் அப்படியே. தொலைநோக்கு என்றால் என்ன என்று காட்ட இந்த ஊரில் இதைவிட நல்ல சான்று கிடையாது.

1966-இல் டட்டன் தெருவின் மில் தொழிலாளர் குடியிருப்பு வரிசை இடிபட்டது. இப்படி இடிப்பதற்குப் பதில் ஊரையே பாடசாலையாக்கலாம் என்றார் கல்வியாளர் பேட்ரிக் மோகன். லோவலைச் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பால் சாங்கஸ் முன்னின்று கொண்டுவந்த, பூங்காவை உருவாக்கும் சட்டம் 1978-இல் நிறைவேறியது. அதன் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், எல்லாக் கட்டடங்களையும் அரசே வாங்கிப் போடவில்லை. தனியாக ஓர் ஆணையம் அமைத்து, தனியார் உரிமையாளர்களுக்கு மானியமும் கடனும் தந்து பழைய முகப்பைச் சீரமைக்க வைத்தார்கள். 1995-இல் ஆணையம் முடிந்த பிறகும் கட்டடங்கள் புழக்கத்தில் இருப்பதற்கு அது பெரிய காரணம்.

நடக்கும்போது மில்களின் அகலத்தைக் கவனியுங்கள். பகல் வெளிச்சத்தை நம்பிக் கட்டிய குறுகலான மில், வீடுகளாக மாற்றத் தோதானது. அகலமானதில் நடுப்பகுதி இருட்டாகிவிடும். அங்கே வீடு பிரித்தால் ஜன்னல் இல்லாத அறைகள்தான் மிஞ்சும். எண்ணெய் ஊறிய மரத்தரை இன்னொரு தலைவலி: வாடை போகாது, தீப்பிடிக்கவும் செய்யும்.

வாங் கணினி நிறுவனத்தின் கோபுரங்களையும் பார்த்துவிடுங்கள். மில்களை நம்பியிருந்த ஊர் மறுபடியும் ஒரே முதலாளியை நம்பியது. 1992-இல் நிறுவனம் திவால் ஆனது. சுமார் 6 கோடி டாலரில் எழுந்த கோபுரங்கள் 1994-இல் 5,25,000 டாலருக்கு ஏலம் போயின. கட்டடப் பாதுகாப்புத் திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேலைவாய்ப்புக்கு அது காப்பீடு ஆகாது.

கால்வாயைச் சுற்றிக் காட்டும் படகு குளிர்காலத்தில் ஓடாது; கோடையில் போவதே நல்லது.